ஒரே தெருவில் புங்கையும் மகிழமும்: வளர்த்துப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

வீட்டுக்கு ஒரு மரம் வைக்க வேண்டும், புங்கை வைக்கலாமா மகிழம் வைக்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மரம் மதில் சுவருக்கு உள்ளே வரப்போகிறதா, வெளியே வரப்போகிறதா? பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும். மீதி, மண் எப்படி, முதல் மூன்று கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலனிக் குடியிருப்பில் பெரிய மரங்களுக்குக் கீழேயே இருந்து பழகிவிட்டு, 2014-இல் திருச்சி-மதுரை சாலையில் மணிகண்டம் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்தேன். சீமைக்கருவேலத்தை வழித்துத் தள்ளிவிட்டு மனை போட்ட இடம். தெருவில் நிழல் என்று பேருக்குக்கூட எதுவும் இல்லை. அந்த வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சாலையோரம் வரிசையாகப் புங்கையும், அவரவர் வீட்டுக்குள்ளும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்திலும் மகிழமும் வைத்தோம். ஒரே மண், ஒரே போர்வெல் தண்ணீர், ஒரே வெயில். இரண்டு மரத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. வேம்பும் சரக்கொன்றையும்கூடச் சில வைத்தோம், அவை வேறு கதை.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் மரத்தைப் பற்றிப் பேச முடியாது. எங்கள் பக்கம் களர் மண், அதாவது சோடியம் உப்பு ஏறி இறுகிய மண். நாவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரி எங்களுக்குக் கூப்பிடு தூரம். களர் நிலத்தைத் தாங்கி வளர்கிற திருச்சி 1 போன்ற நெல் ரகங்களைக் கொடுத்த இடம் அது. அப்படித் தனியாக ரகம் கண்டுபிடிக்க வேண்டிய அளவுக்கு இங்கே மண்ணில் சிக்கல். மழை பெய்தால் தண்ணீர் மேலேயே நிற்கும், கீழே இறங்காது. காய்ந்தால் கடப்பாரை துள்ளும். உங்கள் ஊரில் நல்ல செம்மண்ணோ ஆற்று வண்டலோ இருந்தால் மகிழத்தைப் பற்றி நான் சொல்லும் குறைகளில் பாதியை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

முதலில் புங்கை.

இந்த மண்ணில் அது எழுந்து நின்ற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அது நம் நாட்டு மரம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றங்கரையிலும் கடலோரக் கழிமுகத்திலும் தானாக வளர்ந்த சாதி. உப்பு ஏறிய நிலத்திலும் நிற்கும், வறட்சியிலும் நிற்கும், சில நாள் வேரடியில் தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் வேர் முடிச்சுகள் வழியாகக் காற்றில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) தனக்கு எடுத்துக்கொள்ளும். எனவே உரம் போடவில்லையே என்று அதற்காகக் கவலைப்பட வேண்டாம். நட்ட இரண்டாவது வருடம் ஆள் உயரத்தைத் தாண்டியது. அடுத்த வருடமே ஒரு ஸ்கூட்டரை நிறுத்தும் அளவுக்கு நிழல். நாலைந்து வருடத்தில் பூத்தது. இப்போது மாடி வீட்டின் கைப்பிடிச் சுவருக்கு மேலே போய்விட்டது. நெஞ்சு உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி டேப் பிடித்தால் மூன்று அடிக்குக் கிட்ட வருகிறது. அதே நாளில் நட்ட மகிழம் ஒன்றேகால் அடியைத் தாண்டவில்லை.

புங்கையிடம் எனக்கு ரொம்பவும் பிடித்தது அதன் காலக் கணக்கு. தை கடைசியில் இலை மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும். மாசியில் பத்துப் பதினைந்து நாள் மரம் கிட்டத்தட்ட மொட்டையாக நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் மரம் பட்டுவிட்டதோ என்று பதறுவார்கள். பொறுத்துக்கொண்டால் போதும். நுனியில் செம்பு நிறத்தில் தளிர் எட்டிப் பார்க்கும், சில நாளில் அது பளபளவென்று இளம்பச்சையாகும், பங்குனி முடிவதற்குள் வெயில் ஊடுருவாத குடையாக விரிந்துவிடும். திருச்சியில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது சித்திரையிலும் வைகாசியிலும். அந்த நேரத்துக்குச் சரியாக மரம் தயாராக நிற்கிறது. நமக்காகவே காலண்டர் பார்த்து இலை விடுகிற மரம் என்று எங்கள் தெருவில் சொல்வோம். எதிர்வீட்டு அக்காவின் படுக்கையறைச் சுவர் மேற்கே பார்த்தது. முன்பெல்லாம் இரவு பத்து மணிக்குக் கை வைத்தாலும் சுவர் சுடும். இரவு முழுக்க ஏசி ஓடும். சுவருக்கு வெளியே இருக்கும் புங்கை மாடி உயரம் வந்தபின் அந்தச் சூடு போய்விட்டது. மின் கட்டணம் குறைந்ததை அவர் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கிராமத்துப் பேருந்து நிறுத்தங்களிலும் கிணற்றடியிலும் பெரியவர்கள் ஏன் புங்கையைத் தேடி வைத்தார்கள் என்பது கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் புரியும். இலை நெருக்கம். காற்றும் வரும், வெயிலும் வராது. நந்தனாருக்காக நந்தி விலகி நின்ற திருப்புன்கூர் சிவன் கோயிலில் தலமரம் இதுதான்.

சித்திரையில் பூ. வெள்ளையும் இளஞ்சிவப்பும் லேசான ஊதாவும் கலந்த சின்னச் சின்னப் பூ. விடியற்காலையில் தெருவில் பொரி இறைத்த மாதிரி கிடக்கும். சங்கப் புலவர்களும் இந்தப் பூவைப் பொரிக்குத்தான் ஒப்பிட்டார்கள். அந்த நேரத்தில் மரம் முழுக்கத் தேனீ இரைச்சல் கேட்கும். மரத்தடியில் நின்றால் காது வரைக்கும் வரும், பொதுவாகக் கொட்டாது. காய் முற்றப் பத்து மாதத்துக்கு மேல் ஆகும், அதனால் பழைய காய் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புதுப் பூ வந்துவிடும். காய் தட்டையாக, பெரும்பாலும் உள்ளே ஒரே ஒரு விதையோடு இருக்கும். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி வந்து சாக்கில் பொறுக்கிக்கொண்டு போவார். செக்கில் ஆட்டினால் விளக்கெரிக்க எண்ணெய், மிஞ்சுவது புண்ணாக்கு. புங்கம் புண்ணாக்கைத் தொழுஉரத்தோடு கலந்து செடிக்குப் போட்டால் தழைச்சத்து மெதுவாகக் கிடைக்கும். விதை கசப்பு மட்டும் இல்லை, நஞ்சும்கூட. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. புங்கை இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்பரப்பில் பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் கொப்புளம், விரல் நுனி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் இலைக்குள் புகுந்து செய்கிற வேலை அது. வேறு சில இலைகளில் வெளிறிய திட்டுத் திட்டாக இருக்கும், அது இலையைச் சுரங்கம் போடும் புழு. எங்கள் தெருவில் இதைப் பார்த்துப் பயந்து மருந்துக் கடையில் கேட்டு, கொடுத்ததையெல்லாம் வாங்கி அடித்தவர்கள் உண்டு. அடிக்காதவர்கள் மரமும் அடித்தவர்கள் மரமும் இன்று ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வளர்ந்த மரத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கன்றாக இருந்தால் ரொம்ப மோசமான கிளையை வெட்டி எறிந்துவிடலாம். பூத்திருக்கும் மரத்தில் பூச்சிமருந்து அடித்தால் சாவது தேனீதான்.

உண்மையான பிரச்சினை வேரும் கிளையும். ஆணிவேர் ஆழமாகப் போகும் என்றாலும் பக்க வேர்களும் நீளமாக ஓடும். எங்கள் தெருவில் செப்டிக் டேங்கிலிருந்து ஆறடி தள்ளி வைத்த ஒரு மரம், சிமென்ட் வளையங்களின் இணைப்பு வழியாக வேரை உள்ளே விட்டுவிட்டது. மதிலை ஒட்டி வைத்த இன்னொன்று சுவரைக் கீறிவிட்டது. மதிலிலிருந்து பத்தடி, தொட்டியிலிருந்து பதினைந்தடி, வீட்டு அஸ்திவாரத்திலிருந்தும் அதே பதினைந்தடி. இந்த இடம் இல்லாதவர்கள் புங்கையை மறந்துவிடுவது நல்லது. முப்பதுக்கு நாற்பது மனையில் வீட்டைச் சுற்றி ஐந்தடி விட்டுக் கட்டிவிட்டு, அந்த ஐந்தடிக்குள் புங்கை வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அது மரத்துக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு. கடைசியில் பதினைந்து வருடத்து மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டியிருக்கும்.

கிளை விஷயம் அதைவிட முக்கியம். விட்டுவிட்டால் புங்கை இடுப்பு உயரத்திலேயே கவை விட்டு இரண்டாக, மூன்றாகப் பிரியும். முதல் மூன்று நாலு வருடம் வருடத்துக்கு ஒரு தடவை கவாத்து செய்து, நேராகப் போகும் ஒரே தண்டை மட்டும் விட வேண்டும். எட்டடி உயரம் வரை பக்கக் கிளை இருக்கக் கூடாது. அதுவும் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாமல், உயரம் ஏற ஏறக் கீழிருந்து ஒவ்வொன்றாக. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவையும் புதுக்கோட்டையையும் புரட்டிப் போட்டபோது எங்களுக்கும் நல்ல காற்று. ஒற்றைத் தண்டாக வளர்ந்த புங்கைகள் ஆடிவிட்டு நின்றன. கவை விட்ட மரங்களில் இரண்டு, கவையில் சரியாகக் கிழிந்தன. கிழிந்த இடத்தை அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். இரண்டு தண்டுக்கும் நடுவில் பட்டை உள்ளே மடிந்து போயிருந்தது, மரம் மரத்தோடு ஒட்டவே இல்லை. வெளியே இருந்து பார்த்தால் ஒரே மரம் மாதிரி தெரிந்தது, உள்ளே பிடிப்பே கிடையாது. இந்த மாதிரிக் கவையைக் கன்றிலேயே கத்தரிக்கோலால் முடித்துவிடலாம். பெரிதானால் ரம்பம் வேண்டும், காயமும் பெரிது.

மின்கம்பிக்குக் கீழே புங்கை வேண்டாம். கம்பியில் உரசுகிறது என்று வருடா வருடம் தலையை மொட்டை அடிப்பார்கள், மரம் அடுத்த மழைக்குக் குச்சி குச்சியாக வெடித்துக் கிளம்பும், அந்தக் குச்சிகளுக்குப் பலம் கிடையாது. தெருவில் எந்தப் பக்கம் கம்பி போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.

இப்போது மகிழம்.

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கவனம் தேவைப்படுகிறது, ஏனென்றால் இந்த மரத்தின் மேல் எனக்கு ஆசை அதிகம். அதனால் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். மெதுவாக வளரும். அதுவும் முதல் இரண்டு மூன்று வருடம் வளர்கிறதா இல்லையா என்றே தெரியாது. மழைக்கு ஒரு கொத்துத் தளிர், அப்புறம் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். பொறுமை போய்ப் பிடுங்கிவிட்டுக் கொய்யா வைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. பிடுங்காமல் விட்ட வீடுகளில் ஐந்தாவது வருடத்துக்கு மேல் கொஞ்சம் வேகம் எடுத்து, இப்போது பதினைந்தடி உயரத்தில் உருண்டையான தலையோடு நிற்கிறது. நிழலுக்கு அவசரம் என்றால் மகிழத்தை நம்பாதீர்கள். அறுபது வயதில் வைப்பவர் பேரப்பிள்ளைகளுக்காக வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பூவுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. தெருவில் ஒன்றிரண்டு மரம் ஏழாவது வருடத்திலேயே பூத்தன.

இரண்டாவது குறை எங்கள் மண்ணோடு சம்பந்தப்பட்டது. களர் மண்ணில் மகிழம் முகம் சுளிக்கும். தளிர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நரம்பெல்லாம் பச்சை, நரம்புகளுக்கு நடுவில் எல்லாம் மஞ்சள். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினால் மோசமாகும், ஏனென்றால் வேரடியில் தண்ணீர் நிற்பது இந்த மரத்துக்கு ஆகாது. எங்களுக்குப் பலன் கொடுத்தது இது: குழியைச் சுற்றி மண்ணைக் கொத்தி இரண்டு மூன்று கிலோ ஜிப்சமும் ஒரு கூடை மக்கிய தொழுஉரமும் கலந்துவிடுவது. அப்புறம் பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), அதில் ஓர் எலுமிச்சம்பழம் பிழிந்து, வெயில் தாழ்ந்த நேரத்தில் இலையில் தெளிப்பது. இரண்டு வாரம் விட்டு இன்னொரு தடவை. மஞ்சள் மெல்ல மறைந்து இலை கரும்பச்சைக்குத் திரும்பியது. ஜிப்சம் போட்ட குழிக்கும் போடாத குழிக்கும் இன்றுவரை வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆடு இன்னொரு தொல்லை. எங்கள் தெருவுக்கு வருகிற ஆடுகள் புங்கைக் கன்றை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும், கசப்பு போல. மகிழத் தளிரை விடுவதில்லை. மெதுவாக வளரும் செடியின் நுனியைக் கடித்தால் ஒரு வருட வளர்ச்சி போச்சு. பூங்காவில் வைத்தவற்றில் கூண்டு போட்டவை மட்டுமே தப்பின. சாலையோரத்தில் காவல் இல்லாத இடத்தில் மகிழம் வைப்பது செடிக்குச் செய்யும் துரோகம்.

சரி, இவ்வளவு பட்ட பிறகு என்ன கிடைக்கிறது? வருடம் முழுக்க இலையோடு நிற்கும் ஒரு மரம். எந்த மாதத்தில் பார்த்தாலும் கரும்பச்சை, ஓரம் லேசாக அலை அலையாக நெளிந்த, மினுமினுப்பான இலை. கத்தரிக்க வேண்டிய வேலை குறைவு, தலை தானாகவே உருண்டை பிடிக்கும். வேர் புங்கை மாதிரிப் பாய்வதில்லை, மதிலிலிருந்து ஆறேழு அடி இருந்தால் எங்கள் அனுபவத்தில் தொந்தரவு இல்லை. கஜா காற்றில் மகிழத்துக்கு ஒரு குச்சிகூட ஒடியவில்லை. அப்போது சின்னச் செடிகள்தாம் என்றாலும், அதன் மரம் இயல்பிலேயே கெட்டி, கனம்.

பூவைப் பற்றி என்ன சொல்வது. நட்சத்திரம் மாதிரி, சுண்டுவிரல் நகம் அளவு, சந்தன வெள்ளை. இரவில் விரியும், விடிவதற்குள் உதிரும். செடியிலிருந்து பறிக்க வேண்டிய வேலையே இல்லை, கீழே ஒரு பழைய வேட்டியை விரித்தால் போதும். உதிர்ந்த பூவின் நடுவில் ஓட்டை இருக்கும், காம்பும் புறவிதழும் மரத்திலேயே நின்றுவிடுவதால். ஊசி வேண்டாம், ஈர்க்குச்சியில் வாழைநாரைக் கட்டிக் குழந்தைகள் கோத்துவிடுவார்கள். பழுப்பாகிக் காய்ந்த பிறகும் வாசனை போகாது. என் மனைவி புடவை அடுக்கில் போன வருடத்துப் பூவை வைத்திருக்கிறாள், பீரோவைத் திறந்தால் இப்போதும் வருகிறது. மல்லிகையின் வாசனை ஒரு நாள், இதன் வாசனை ஒரு வருடம். வகுளம் என்றால் மகிழம், நம்மாழ்வாருக்கு வகுளாபரணன் என்று பெயர் வந்ததே இந்தப் பூமாலையால்தான். திருவண்ணாமலையிலும் திருவொற்றியூரிலும் தலமரம் மகிழம். சுந்தரர் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தது ஒற்றியூர் மகிழடியில் என்பது புராணம்.

பூவுக்குப் பிறகு ஆரஞ்சு நிறத்தில் சின்னப் பழம். மாவாகத் துவர்ப்பும் இனிப்பும் கலந்திருக்கும், பெரியவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது, பிள்ளைகள் தின்பார்கள். குயிலும் மைனாவும் பகலில், பழந்தின்னி வௌவால் இரவில். வௌவால் வந்தால் காலையில் காரின் மேல் விதையும் எச்சமும் இருக்கும். கார் நிறுத்துகிற இடத்துக்கு நேர் மேலே மகிழம் வேண்டாம் என்று சொல்ல ஒரே காரணம் இது. பட்டையைப் பல்பொடிக்குச் சேர்ப்பார்கள். அதற்காக யாரும் வளர்கிற மரத்தில் பட்டை உரிக்க வேண்டாம். சுற்றிலும் உரித்தால் மரம் செத்துவிடும்.

குப்பை எது அதிகம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரே தவணையில் பார்த்தால் புங்கை. மாசியில் இலை, சித்திரையில் பூ, பங்குனி முதல் வைகாசி வரை காய். அந்த மூன்று நாலு மாதம் தினமும் பெருக்க வேண்டும். மகிழம் வருடம் முழுக்க ஐந்தும் பத்துமாக உதிர்க்கும், அது பெரிய வேலையாகத் தெரியாது. ஆனால் புங்கை இலையைக் குப்பை என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நடவுக்கு முன்னால் வண்டி வண்டியாகப் புங்கந்தழையை வயலில் போட்டு மிதித்த ஊர்க்காரன் நான். எங்கள் தெருவில் இப்போது மாசியில் உதிரும் இலையை யாரும் எரிப்பதில்லை, எரிக்க விடுவதுமில்லை. சாக்கில் அள்ளி அப்படியே மகிழத்தின் பாத்தியில் அரையடி உயரத்துக்குப் பரப்புகிறோம், தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விட்டு. கோடை முழுக்க ஈரம் காக்கும், ஆடிக்குள் பாதி மக்கிவிடும், கீழே கிளறினால் மண்புழு தெரிகிறது. இந்த மண்ணில் மண்புழுவைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை. மகிழத்தின் மஞ்சள் குறைந்ததில் அன்னபேதிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தத் தழைக்கும் உண்டு என்பது என் எண்ணம்.

கன்று வாங்குகிற விஷயம். புங்கைக்குப் பணம் செலவழிக்கவே வேண்டாம். முற்றிய புது விதையை ஒரு இரவு ஊறவைத்துப் பையில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்துக்குள் முளைத்துவிடும். விதை பழசானால் முளைப்புத் திறன் போய்விடும், அந்தந்த வருடத்து விதையாகப் பாருங்கள். வனத்துறை நாற்றங்காலிலும் பெரும்பாலும் புங்கை இருக்கும். இரண்டு மூன்று அடிக் கன்று போதும், பெரிய கன்றைத் தேட வேண்டாம். மூன்றடிக் கன்று இரண்டே வருடத்தில் எட்டடிக் கன்றைப் பிடித்துவிடுவதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

மகிழத்துக்கு விதை போட்டுக் காத்திருக்க எல்லோராலும் முடியாது. கொஞ்சம் வளர்ந்த கன்றாக, நாலைந்து அடியில் வாங்குவது புத்திசாலித்தனம். விலை கூடத்தான். மெதுவாக வளர்கிற செடியை நாற்றங்காலில் இத்தனை வருடம் தண்ணீர் ஊற்றி வைத்திருந்ததற்கான காசு அது. ஆனால் வாங்கும்போது பையைக் கவனிக்க வேண்டும். எங்கள் பூங்காவுக்கு ஒரு தனியார் நாற்றங்காலிலிருந்து ஒரு சுமை ஆட்டோவில் மகிழக் கன்று வந்து இறங்கியது. மேலே பார்க்க அருமையான செடி. நடும்போது பையைக் கிழித்தால் உள்ளே மண்ணைவிட வேர்தான் அதிகம். வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, கயிற்றுச் சுருளாக இறுகிப் போயிருந்தது. அடிப்பையைத் துளைத்து வெளியே வந்த வேரைக் கத்தியால் சீவிவிட்டு, தெரியாமல் இருக்க மண் பூசி அனுப்பியிருந்தார்கள். கேட்டதற்கு எல்லாச் செடியும் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இல்லை. சுருண்ட வேர் நிலத்துக்குள் போனபிறகும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், பத்து வருடம் கழித்துத் தன் கழுத்தைத் தானே நெரிக்கும், காற்றில் முதலில் சாயும். அந்தச் சுமையில் சுருள் லேசாக இருந்தவற்றைப் பக்கவாட்டில் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறி, அடியை ஒரு அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு நட்டோம், பிழைத்தன. ரொம்ப முற்றியவற்றைத் திருப்பி அனுப்பினோம். எனவே வாங்கும் இடத்திலேயே ஒரு பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல நாற்றங்கால்காரர் தயங்க மாட்டார். இன்னொன்று, இலைக்காம்பை ஒடித்துப் பாருங்கள், மகிழம் என்றால் பால் வரும்.

நடுவதற்கு எங்கள் பக்கம் சரியான நேரம் புரட்டாசி. வடகிழக்குப் பருவமழை அதன் பிறகு இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றும் வேலையை எடுத்துக்கொள்ளும். ஆடிப்பட்டம் என்று ஆடியிலேயே வைத்தால் ஆவணி வெயிலில் கன்று தவித்துவிடுகிறது. குழி மட்டும் ஆடியில் வெட்டிப் போடலாம். புங்கைக்கு இரண்டடி நீளம், அகலம், ஆழம் போதும். மகிழத்துக்கு மூன்றடி, அதுவும் களர் மண்ணாக இருந்தால் அடியில் இருக்கும் இறுகிய தட்டைக் கடப்பாரையால் உடைத்துவிட்டு, ஒரு சட்டி மணல் போட்டு, வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணும் தொழுஉரமும் சரிபாதி. பையில் கன்று எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம், தண்டுக்கு மேல் மண் ஏறக் கூடாது.

தண்ணீரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். புங்கைக்கு முதல் கோடையில் வாரம் இரண்டு தடவை ஒரு குடம், இரண்டாவது கோடையில் வாரம் ஒரு தடவை, அத்துடன் கைகழுவிவிடலாம். மகிழத்துக்கு மூன்று கோடையும் விடாமல் கவனம் வேண்டும். தினமும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட நாலு நாளைக்கு ஒரு தடவை இரண்டு குடம் மெதுவாக இறங்குகிற மாதிரி ஊற்றுங்கள், வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். நாலாவது கோடையில் எங்கள் வீட்டு மகிழத்துக்கு நாங்கள் தண்ணீரே காட்டவில்லை, ஓர் இலை வாடவில்லை.

ஆக, வாசலுக்கு வெளியே, மேற்கு வெயில் அடிக்கிற பக்கம், மேலே கம்பி இல்லாத இடம், சுற்றி பத்துப் பதினைந்தடி இடைவெளி, மண் மோசம், தினமும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு புங்கை. பள்ளிக்கூட மைதானம், பேருந்து நிறுத்தம், குளக்கரை எல்லாவற்றுக்கும் அதுவே. மதிலுக்கு உள்ளே, ஆறேழு அடி இடம், ஓரளவு நல்ல மண், தண்ணீர் ஊற்ற ஒரு கை இருக்கிறது என்றால் மகிழம். கோயில் பிராகாரத்துக்கும் மகிழம்தான் பொருத்தம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் புங்கை வைத்தால் இருக்கும்போதே நிழலை அனுபவித்துவிட்டுப் போகலாம். இரண்டு மரத்துக்கும் இடம் இருக்கிறவர்கள் இரண்டையும் வையுங்கள். தெருவில் புங்கை எழும்பி நிழல் கொடுத்துக்கொண்டிருக்கும் வருடங்களில் உள்ளே மகிழம் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

எங்கள் மனைப்பிரிவில் இரண்டாவது குறுக்குத் தெரு இன்னும் மொட்டையாகக் கிடக்கிறது. கம்பி கிழக்குப் பக்கம் போவதால் மேற்கு வரிசை முழுக்கப் புங்கை, பூங்காச் சுவருக்கு உள்பக்கம் மகிழம் என்று போன கூட்டத்தில் முடிவு செய்தோம். மகிழத்துக்கான குழிகளை ஆடி முதல் வாரத்தில் வெட்டி, ஜிப்சம் கலந்து ஆறப் போட்டுவிடுவோம். புங்கைக்கு இந்த வைகாசியில் விழுந்த விதையையே பைகளில் ஊன்றியாகிவிட்டது.